அன்று உங்கள் கடை திறந்திருந்ததா?



இந்திரா காந்தி அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று ஐம்பது வயதைத் தாண்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார். பள்ளிக்கூடத்தில் மணியடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பார் ஒருவர். பஸ் பாதியிலே நின்றுபோய் பாரிமுனையிலிருந்து தண்டையார்பேட்டை வரை நடந்தே வந்தேன் என்பார் இன்னொருவர். அதே ஆளிடம் போன மாதம் பத்தாம் தேதி எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள், விழிப்பார். பெரிய துக்கம் வந்த நாள் மட்டும் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுகிறது.

நம்மைப் போன்ற கடைக்காரர்களைக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கடையில் இருந்தேன்." காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவன் வேறு எங்கே இருப்பான்? ஆகவே நமக்கு இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அன்று கடை திறந்திருந்ததா, மூடியிருந்ததா? மூடியிருந்தால் அது மரியாதைக்காகவா, பயத்துக்காகவா? திறந்திருந்தால் யாருக்காக, என்ன விலைக்கு? இதைப் பற்றி நம் சங்கத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் தாழ்மையான கருத்து. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எம்டன் காலத்திலிருந்து

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற நமக்கு இது புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்தப் பயத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் பல ஆயிரம். இன்றும் கெட்டிக்காரத்தனமாக வேலையை முடிக்கிறவனை "ஆள் எம்டன்" என்கிறோம். கப்பல் போய் நூறு ஆண்டு தாண்டியும் சொல் போகவில்லை.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று அரசே மக்களை வெளியேறச் சொன்னது. என் தகப்பனார் அப்போது இங்கே ஒரு மளிகைக் கடையில் கடைப் பையன். முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிட்டார். போக வழியில்லாத ஏழைகள் மட்டும் தெருவில் மிஞ்சினார்கள். "கையில் காசு இருந்தது, புளியும் உப்பும் விற்க ஆள் இல்லை" என்று தகப்பனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். காசு இல்லாமல் பட்டினி கிடப்பது ஒரு கொடுமை. காசு இருந்தும் கடை இல்லாமல் பட்டினி கிடப்பது நாம் கவலைப்பட வேண்டிய கொடுமை.

1948 ஜனவரி 30 மாலை மகாத்மா காந்தி சுடப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. சுட்டவன் யார் என்று ஊரெல்லாம் ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கும் முன்பே, அவன் ஓர் இந்து என்று வானொலி தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் வராமல் இருந்திருந்தால் அன்றிரவு எத்தனை ஊரில் எத்தனை கடை எரிந்திருக்குமோ! துக்க நாளில் சரியான செய்திக்கு அரிசியைப் போலவே மதிப்பு உண்டு.

1984: பட்டியலும் மண்ணெண்ணெயும்

1984 அக்டோபர் 31 புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் தில்லியில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. முன்பே சொல்லிவிட்டது. ஆல் இந்தியா ரேடியோ முறைப்படி மரணத்தை அறிவித்தது மாலையில்தான். இடைப்பட்ட நேரத்தில் வதந்திதான் செய்தியாக ஓடியது. நம் பகுதியில் மதியமே ஷட்டர்கள் இறங்கிவிட்டன.

நாம் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தோம். தில்லியில் நடந்தது வேறு. அடுத்த சில நாட்களில் அங்கே மட்டும் அரசுக் கணக்குப்படியே 2,700க்கு மேற்பட்ட சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய கடைகளும் வீடுகளும் லாரிகளும் தேடித்தேடி எரிக்கப்பட்டன. எந்த வீடு சீக்கியர் வீடு என்று அறிய வாக்காளர் பட்டியலோடு ரேஷன் கடைப் பட்டியலும் பயன்பட்டது, எரிக்க மண்ணெண்ணெய் டிப்போக்களிலிருந்து எண்ணெய் வந்தது என்று குடிமை உரிமை அமைப்புகள் அப்போதே அறிக்கை வெளியிட்டன.

வியாபாரிகளாகிய நாம் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும். எந்த வீட்டில் யார், எத்தனை தலை, எந்த ஊர், எந்த மதம் என்பது தெருவில் கடைக்காரனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நம் கடன் நோட்டே ஒரு பட்டியல்தான். நல்ல நாளில் அது வியாபாரத்துக்கு உதவும். கெட்ட நாளில் தவறான கைக்குப் போனால் அது கொலைக்கருவி. நாடு துக்கத்தில் இருக்கும்போது நம் வாயும் நம் நோட்டும் மூடியிருக்க வேண்டும் என்பதை 1984இல் நான் கற்றுக்கொண்டேன்.

1991 மே 21

என் வயதுக்காரர்களுக்கு மறக்க முடியாத நாள் 1991 மே 21 செவ்வாய்க்கிழமைதான். தேர்தல் நேரம். முதல் கட்ட வாக்குப்பதிவு முந்தின நாள் வேறு மாநிலங்களில் முடிந்திருந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் மீனம்பாக்கம் வந்து இறங்கிய ராஜீவ் காந்தி, அங்கிருந்து காரில் ஸ்ரீபெரும்புதூர் பொதுக்கூட்டத்துக்குப் போனார். இரவு பத்தே கால் மணிக்குப் பிறகு குண்டு வெடித்தது.

அந்நேரம் எங்கள் கடை வாசலில் குண்டூர் லாரியிலிருந்து மிளகாய் வற்றல் இறங்கிக்கொண்டிருந்தது. பகலில் டி.எச். ரோட்டு நெரிசலில் லாரியை நிறுத்த முடியாது. இரவில்தான் சரக்கு இறக்குவோம். பதினொரு மணிக்கு மேல் ரோந்து வந்த காவலர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ராஜீவ் காந்தியைக் கொன்றுவிட்டார்கள். சீக்கிரம் இறக்கிவிட்டு உள்ளே போய்விடுங்கள்" என்றார். ஆறு லோடுமேன்கள் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. மீதி மூட்டைகளை இறக்கி, தார்ப்பாயை மடித்து, ஆந்திரா டிரைவரையும் கிளீனரையும் குடோனுக்குள் படுக்க வைத்தோம்.

மறுநாள் காலை ஊர் இருந்த நிலை உங்களில் பலருக்குத் தெரியும். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. மாநிலத்தில் பல இடங்களில் கட்சி அலுவலகங்களும் வீடுகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. தில்லியில் 24ஆம் தேதி தகனம் முடியும்வரை மூன்று நாள் எங்கள் முன்கதவு திறக்கவில்லை.

ஆனால் பின்கதவு திறந்தது. 22ஆம் தேதி காலை எட்டு மணிக்கே ஓர் அம்மாள் சந்துப் பக்கம் வந்து கதவைத் தட்டினார். அன்றாடம் மீன் விற்று அன்றாடம் அரிசி வாங்குகிற வீடு. வீட்டில் மூட்டை வாங்கி வைக்கிறவர்களுக்கு மூன்று நாள் கடையடைப்பு ஒரு சிரமம், அவ்வளவுதான். அன்றாடங்காய்ச்சிக்கு அது முதல் நாளே அடுப்பு எரியாத நிலை. நாங்கள் மொத்த வியாபாரிகள், கிலோ கணக்கில் விற்பதில்லை. அன்று விற்றோம். என் தகப்பனார் இரண்டே உத்தரவு போட்டார். ஒன்று, நேற்றைய விலைதான், பத்துப் பைசா கூடக்கூடாது. இரண்டு, இனாமாகக் கொடுத்தாலும் நோட்டில் எழுத வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா!

லோடுமேன்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. மூட்டை நகராத நாளில் கூலி இல்லை. தலைவர் இறந்ததற்கு மூன்று நாள் துக்கம் அனுஷ்டிப்பது முதலாளிக்கு எளிது. கூலிக்காரனுக்கு அந்தத் துக்கத்தின் செலவை யார் கொடுப்பது? எங்கள் தெருவில் மகமைப் பணத்திலிருந்து ஆளுக்கு அரைக்கூலி கொடுத்தோம். பெரிய தொகை இல்லை. ஆனால் கூலிக்காரர் யாரும் அந்த மூன்று நாளில் கந்து வட்டிக்குப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நாட்களில் சந்தேகம் விடுதலைப் புலிகள் மேல் திரும்பியது. எங்கள் தெருவுக்குப் பின்னால் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. அவர்கள் பேச்சை வைத்தே யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அவர்களுக்குச் சாமான் கொடுக்காதீர்கள் என்று வாடிக்கையாளர் சிலரே வந்து சொன்னார்கள். தகப்பனார், "துக்கம் எனக்கும் உண்டு. அரிசி கேட்டு வருகிறவரிடம் ஊர் கேட்பது கடைக்காரன் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார். சொன்னவர்களில் இரண்டு பேர் ஆறு மாதம் எங்கள் கடைக்கு வரவில்லை. பிறகு வந்தார்கள். அந்த யாழ்ப்பாணத்து அம்மா பையை முந்தானையில் மறைத்துக்கொண்டு சந்து வழியாகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. குண்டு வைத்தவர்கள் செய்த பாவத்துக்கு, குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

நினைவு மட்டும் போதுமா?

"எனக்கு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது, எழுதி வைக்க என்ன அவசியம்?" என்று சிலர் கேட்கலாம். கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் என் மகள் ஒரு விஷயம் சொன்னாள். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட சிறிது நேரத்தில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். மறுநாளே ஒரு பேராசிரியர் தம் மாணவர்களிடம், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களையே மறுபடி கேட்டார். பலர் சொன்னது முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. உறுதியாக நம்பியே மாற்றிச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் சிலர் ஏற்கவில்லையாம்.

வியாபாரிக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பாக்கி விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்புவோமா? "கொடுத்துவிட்டேன் அண்ணாச்சி" என்று சத்தியம் செய்கிறவரிடமும், "இருங்கள், நோட்டைப் பார்க்கிறேன்" என்றுதான் சொல்வோம். நம் நாள்வழிக் கணக்கு இந்த விஷயத்தில் பெரிய சாட்சி. எங்கள் கடையின் 1991ஆம் வருட நாள்வழி இன்னும் இருக்கிறது. மே 21ஆம் தேதிப் பக்கத்தில் மிளகாய் வற்றல் வரவு. அடுத்த மூன்று பக்கத்தில் பற்று வரவு இல்லை. பின்கதவு வழியாகப் போன அரிசி, பருப்பு, சர்க்கரை மட்டும் பென்சிலில் குறித்திருக்கிறது. 25ஆம் தேதியிலிருந்து மறுபடி மை. நம் ஒவ்வொரு கடையிலும் இப்படி ஒரு வரலாறு பரணில் கிடக்கிறது. இப்போது கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால் பழைய பேரேடுகளை எடைக்குப் போடுகிறோம். போடும் முன் இந்த நாட்களின் பக்கங்களையாவது எடுத்து வையுங்கள்.

கடல் வந்த ஞாயிறு

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம். சென்னையிலும் சிலருக்குக் கட்டில் ஆடியது. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல ஏற்பாடும் அன்று இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். காசிமேடு துறைமுகத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

ஞாயிறு அரை நாள் கடை என்பதால் திறந்திருந்தோம். ஒன்பது மணி வாக்கில் கடற்கரைப் பக்கமிருந்து குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே ஓடிவந்தது கூட்டம். கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். நம்பவே முடியவில்லை. அன்று டி.எச். ரோட்டில் ஷட்டரை இறக்கிய கடைகளும் உண்டு, முழுவதும் ஏற்றிவிட்ட கடைகளும் உண்டு. ஏற்றியவர்கள் ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் என்று இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். நனைந்த துணியோடு மக்கள் நம் கடைத் திண்ணைகளில்தான் அன்று பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் வியாபாரிகளுக்கு உண்மையான சோதனை. குப்பங்களில் இருக்கும் சிறு மளிகைக் கடைகள் நம்மிடம்தான் சரக்கு எடுக்கின்றன. காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை என்னிடம் ஏழு கடைக்குப் பற்று இருந்தது. அவர்கள் சரக்கு நனைந்தது ஒரு நஷ்டம். கடன் நோட்டு கடலோடு போனது அதைவிடப் பெரிய நஷ்டம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாது. தெரிந்தாலும் படகை இழந்தவனிடம் போய் எப்படிக் கேட்பது? எங்கும் படகு, வலை பற்றிப் பேச்சு. அது நியாயம்தான். ஆனால் அந்தப் படகுக்காரனுக்கு ஆண்டு முழுவதும் கடனுக்கு அரிசி கொடுத்த கடைக்காரனைப் பற்றி ஆரம்பத்தில் அதிகம் பேச்சில்லை.

எங்கள் தெரு மொத்த வியாபாரிகள் எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். ஆடி முடியும்வரை பழைய பாக்கியைக் கேட்பதில்லை. புதுச் சரக்கை வாரக் கடனுக்குக் கொடுப்பது. ஒருவர் கேட்டு வாங்கி மற்றவர் ஏமாறாதபடி எட்டுப் பேரும் ஒரே மாதிரி நடப்பது என்று முடிவு செய்தோம். இதைத் தருமம் என்று நான் சொல்லவில்லை. குப்பத்துக் கடை செத்துவிட்டால் நாளை என் சரக்கை யாரிடம் விற்பேன்? என்னுடைய ஏழு பேரில் ஐந்து பேர் மெல்ல மெல்ல முழுப் பாக்கியையும் அடைத்தார்கள். ஒருவர் பாதி கொடுத்தார். ஒருவர் கடையை விட்டு ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்; அது வராக்கடன். தனியாக நின்றிருந்தால் நான் அந்த ஏழு பேரையும் நெருக்கியிருப்பேன், ஏழும் போயிருக்கும். எட்டுப் பேர் சேர்ந்ததால்தான் பொறுக்க முடிந்தது.

அதே வாரம் டிசம்பர் 30 அன்று மறுபடி அலை வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரித்தது. கரை நெடுக மக்கள் அலறி ஓடினார்கள். அலை வரவில்லை. அறிவிப்புக்கு ஆதாரம் போதாது என்று பிறகு மத்திய அமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று. எச்சரிக்கை இல்லாததால் ஞாயிறன்று செத்தோம், அரைகுறை எச்சரிக்கையால் வியாழனன்று ஓடினோம்.

பிறகு வந்த நாட்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. விற்றவர்கள் சிலர்தான். கெட்ட பெயர் நம் எல்லோருக்கும். முட்டளவு தண்ணீரில் நின்று பழைய விலைக்கே விற்ற எத்தனையோ கடைக்காரரைப் பற்றி எழுத ஆள் இல்லை.

2016 டிசம்பர் 5 மாலை முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டன. பிறகு மறுத்தார்கள். உண்மையில் மரணம் இரவு 11.30க்கு. அந்த இடைவெளியில் கடைகள் விழுந்தடித்து மூடப்பட்டன. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது கடைகள் சூறையாடப்பட்டதைக் கண்ணால் கண்ட நம்மில் யாரும் அப்படி மூடியவர்களைக் குறை சொல்ல முடியாது.

2020இல் நோய்த்தொற்று. ஊரே அடங்கியிருக்க, மளிகைக் கடைக்காரர்கள் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றோம். அந்த ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்துபோனார்கள். அவர்களும் நம்மைப் போலக் கடை வைத்திருந்தவர்கள். அதற்காகத் தமிழ்நாட்டில் வணிகர்கள் கடையடைத்தோம். அது பயத்தில் மூடிய ஷட்டர் அல்ல. நியாயம் கேட்டு மூடிய ஷட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. நம் குடோன்களில் இன்று மூட்டை தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசாக்காரர்கள். பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள் இரவிலேயே, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவில் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். அலையோ, வெள்ளமோ, வாயுவோ, நம் பகுதிக்கு அடுத்தது என்ன என்று சொல்ல முடியாது. வரும் என்பது மட்டும் நிச்சயம்.

நாம் செய்ய வேண்டியது

"துக்க நாளில் கடையைத் திறப்பது மரியாதைக் குறைவு இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. இறுதி ஊர்வல நேரத்தில் மூடுவோம், கறுப்புக் கொடி கட்டுவோம், மௌனமாக நிற்போம். ஆனால் குழந்தைக்குப் பாலும் கிழவிக்குக் கஞ்சி அரிசியும் கிடைக்காமல் செய்வது எந்தத் தலைவருக்கும் மரியாதை ஆகாது. "திறந்தால் கல் விழுமே" என்று கேட்பவர்களுக்கும் பதில் வேண்டும். ஒரு கடை தனியாகத் திறந்தால் கல் விழத்தான் செய்யும். அதனால்தான் இது தனி ஆளின் தைரியத்தை நம்பி விடக்கூடிய காரியம் அல்ல. சங்கத்தின் ஏற்பாடாக இருக்க வேண்டும்.

ஆகவே நம் செயற்குழுவின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, தெருவுக்கு ஒரு கடையை முன்கூட்டியே முறை வைத்துக் குறிக்க வேண்டும். பெரிய துக்கமோ ஆபத்தோ வந்தால் அந்தக் கடையின் பக்கக் கதவில் பால், அரிசி, பருப்பு, எண்ணெய், தீப்பெட்டி மட்டும் கிடைக்கும். அந்தப் பட்டியலைக் காவல் நிலையத்தில் முன்பே கொடுத்து வைக்க வேண்டும். சாத்தான்குளத்துக்குப் பிறகு இது மிகவும் அவசியம்.

இரண்டாவது, அந்நாட்களில் முந்தின நாள் விலைதான். மீறுகிறவர் பெயரை இந்த இதழிலேயே போடலாம். கசப்பாக இருக்கும். நூறு ரூபாய்ப் பால் பாக்கெட்டை விடக் கசப்பாக இராது.

மூன்றாவது, லோடுமேன், கடைப் பையன்களுக்கு அடைப்பு நாளில் அரைக்கூலியாவது கொடுக்க மகமையில் தனி நிதி ஒதுக்க வேண்டும். வெளி மாநிலத் தொழிலாளர்கள் குடோனிலேயே பத்திரமாகத் தங்கவும், ஊருக்குப் போன் பேசவும், சாப்பிடவும் பொறுப்பு முதலாளியுடையது.

நான்காவது, செய்தி. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஆள் வந்ததை எல்லாம் தட்டிவிடுவதை நிறுத்த வேண்டும். காவல்துறையோ வருவாய்த்துறையோ உறுதி செய்ததை மட்டும் செயலாளர் ஒருவர் போட வேண்டும். மற்றவர்கள் படித்தால் போதும்.

ஐந்தாவது, நினைவுப் பதிவு. எழுபது, எண்பது வயதைத் தாண்டிய வணிகர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இளைஞர் அணி போய் உட்கார்ந்து, 1984, 1987, 1991, 2004 ஆகிய நாட்களில் கடையில் என்ன நடந்தது, என்ன விற்றது, யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். கூடவே நாள்வழியின் அந்தப் பக்கங்களையும் படம் எடுத்து வைக்க வேண்டும். பெருமைக்கு ஒரு மலர் போட இதைக் கேட்கவில்லை. கடையை மூடிய அன்று தெருவில் யார் பசித்திருந்தார் என்பது தெரிந்தால்தான் அடுத்த முறை எந்தக் கதவைத் திறப்பது என்பது தெரியும்.

இன்று செயலியைத் தட்டினால் பத்து நிமிடத்தில் சாமான் வாசலுக்கு வருகிறது. நம் வாடிக்கை குறைந்துவிட்டது என்று எல்லோரும் வருந்துகிறோம். ஆனால் சாலையில் கல் பறக்கும் நாளிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளிலும் அந்தப் பையன்களை வரச் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. அன்று மக்கள் திரும்பிப் பார்ப்பது தெருமுனைக் கடையைத்தான். அந்த நாளில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். "எங்கே இருந்தாய்" என்ற கேள்விக்கு நம் வாடிக்கையாளர் சொல்லும் பதிலில் நம் கடையின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும், நல்லதாகவோ கெட்டதாகவோ.

மே 5 வணிகர் தினத்துக்கு முன் நடக்கும் செயற்குழுவில் இந்த ஐந்தையும் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். ஒத்த கருத்து உள்ளவர்கள் இன்றே பரணில் ஏறிப் பழைய நாள்வழியைத் தேடி எடுங்கள்.